சின்ன டேஷ் கேம் சரிப்படுமா? வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும் செய்யவேண்டிய சோதனைகள்

நிறுத்தி வைத்திருந்த என் காரின் பக்கக் கண்ணாடியை யாரோ இடித்துப் பெயர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் முன்கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிவு செய்யும் டேஷ் கேம் இருக்கிறதே என்ற தைரியத்தில் மெமரி கார்டை எடுத்துக் கணினியில் போட்டேன். கடைசிக் காட்சி பத்தொன்பது நாளுக்கு முந்தையது. கார்டு எப்போதோ செத்துப்போயிருந்தது. கேமராவின் மேல் இருந்த சின்ன விளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் தினமும் சிமிட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனைக்கும் படம் அருமையாக எடுக்கும் கேமரா அது.

அன்றிலிருந்து ஒரு டேஷ் கேமை நான் பார்க்கும் வரிசை மாறிவிட்டது. வேண்டிய நாளில் கோப்பு இருக்குமா என்பது முதல் கேள்வி. இருந்தால் திறக்குமா என்பது அடுத்தது. அப்புறம்தான் அதில் என்ன தெரிகிறது என்பதெல்லாம். விளம்பரங்கள் மூன்றாவதை மட்டுமே பேசும். கார்ச் சாவி அளவில் வரும் குட்டிக் கேமராக்களுக்கு முதல் இரண்டும் இன்னும் முக்கியம். உடல் சிறிதானால் சூடு வெளியேற இடம் குறைவு, சக்தி சேமிக்கும் பாகமும் சிறிது, பல கேமராக்களில் பிழையைக் காட்டத் திரையும் கிடையாது.

முதல் படி: பெட்டியைப் படிப்பது

உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெப்பாசிட்டரா என்று முதலில் பாருங்கள். மின்சாரம் நின்றதும் எழுதிக்கொண்டிருந்த கோப்பை ஒழுங்காக முடித்துவைக்கக் கேமராவுக்குச் சில விநாடி சக்தி வேண்டும். அதை இந்த இரண்டில் ஒன்றுதான் தருகிறது. லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 60 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று கணக்கு. கதவடைத்து வெயிலில் நிற்கும் காரில் முன்கண்ணாடியை ஒட்டிய இடம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பேட்டரி உப்பி, கேமராவின் மூடியே பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உறைபனிக் குளிரில் சார்ஜ் ஏற்றுவதும் லித்தியத்துக்கு ஆகாது. கெப்பாசிட்டருக்கு இரண்டு தொல்லையும் குறைவு. பேட்டரி வைத்த கேமரா எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.

அடுத்து சென்சார், அதாவது உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. அதன் பெயரைச் சொல்லாத பெட்டியைக் கொஞ்சம் சந்தேகப்படலாம். நல்ல டேஷ் கேம்களில் அதிகம் காணப்படுவது சோனியின் ஸ்டார்விஸ் வரிசை. அதில் ஐஎம்எக்ஸ்307 என்பது 1080பி படத்துக்கானது, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) 2.9 மைக்ரோமீட்டர். ஐஎம்எக்ஸ்415 என்பது 4கே படத்துக்கானது. ஆனால் சென்சாரின் அளவு அதேதான், 1/2.8 அங்குலம். அதே இடத்தில் நான்கு மடங்கு புள்ளிகளை அடைத்ததால் ஒவ்வொன்றும் 1.45 மைக்ரோமீட்டருக்குச் சுருங்கிவிட்டது, அதாவது பரப்பில் கால் பங்கு. பகலில் இது தெரியாது. இரவில் வெளிச்சத்தை அள்ளும் திறன் குறைவதால் தெரியும். பின்னால் வந்த ஸ்டார்விஸ் 2 வகையைச் சேர்ந்த ஐஎம்எக்ஸ்678 சற்றுப் பெரிய 1/1.8 அங்குலச் சென்சார், புள்ளி 2 மைக்ரோமீட்டர். உள்ளே இருப்பது 415 ஆனாலும் 678 ஆனாலும் பெட்டியில் ‘4கே’ என்றே இருக்கும்.

இன்னொரு வித்தையும் உண்டு. உண்மையான 4கே என்றால் 3840 x 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள். 1080பி என்றால் சுமார் 20.7 லட்சம். இருபது லட்சம் புள்ளி எடுக்கும் சென்சாரை வைத்துக்கொண்டு, படத்தை இழுத்துப் பெரிதாக்கி ‘4கே’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். சென்சார் பெயர் தெரிந்தால் இந்தக் குட்டு உடனே உடையும்.

170 டிகிரி கோணம் என்பதையும் பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோணம் விரிய விரிய எதிரிலிருக்கும் கார் சிறுத்துக்கொண்டே போகும். 140 டிகிரி அன்றாட ஓட்டத்துக்குத் தாராளம். குட்டிக் கேமராவில் தடம் விலகினால் எச்சரிக்கும் வசதி, முன் காருடன் இடைவெளி சொல்லும் வசதி எல்லாம் இருந்தால், வாங்கிய அன்றே அணைத்துவிடலாம். பெரும்பாலும் தேவையில்லாத நேரத்தில் கத்தும்.

சிறிதாக்குவதற்காக எதை விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கார்மின் டேஷ் கேம் மினி 2 ஒரு நல்ல உதாரணம்: 1080பி, 140 டிகிரி, திரை இல்லை, ஜிபிஎஸ் இல்லை. அதைக் குறை என்று சொல்லமாட்டேன். ஆனால் பதிவில் வேகமும் இடமும் வேண்டும் என்பவருக்கு அது ஆகாது. முன்பக்கம் மட்டும் பார்க்கும் கேமராவில், பின்னாலிருந்து யாராவது இடித்தால் ஒரு குலுக்கலும் சத்தமும்தான் பதிவாகும். அது போதுமா என்று வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: கார்டு

கேமராவுக்குச் செலவழித்துவிட்டு, கார்டுக்கு மேசை டிராயரில் கிடக்கும் எதையாவது போடுகிறோம். என் பத்தொன்பது நாள் கதைக்கும் அதுதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 15 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்) எழுதும் கேமரா மணிக்கு 6.75 ஜிபி எழுதும். 30 மெகாபிட் என்றால் 13.5 ஜிபி. தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 27 ஜிபி. 64 ஜிபி கார்டு இரண்டரை நாளுக்குள் நிரம்பி, முதலிலிருந்து மறுபடி எழுதப்படும். வருடத்துக்குச் சுமார் 150 முறை முழுக் கார்டும் அழித்து எழுதப்படுகிறது, அதுவும் கண்ணாடியோரச் சூட்டில். போனுக்கான சாதாரணக் கார்டு இதற்காகச் செய்யப்பட்டதல்ல. இப்படித் தொடர்ந்து பதிவு செய்யும் பயன்பாட்டுக்கு உத்தரவாதம் கிடையாது என்று சில கார்டுகளில் எழுதியே இருக்கும். ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று குறிப்பிட்டு விற்பவற்றை வாங்குங்கள். யூ3 அல்லது வி30 முத்திரை இருந்தால் எழுதும் வேகம் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் என்று பொருள். 4கே கேமராவுக்கும் அது தாராளம்.

போலிக் கார்டுகள் நிறைய. 128 ஜிபி என்று காட்டிக்கொண்டு உள்ளே அதில் கால் பங்குகூட இருக்காது. புதுக் கார்டைக் கேமராவில் போடும் முன், எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச நிரலால் முழுக்க எழுதிப் படித்துச் சரிபாருங்கள். சில மணி நேரம் ஆகலாம், ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். அப்புறம் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

மூன்றாம் படி: மாட்டுவது

பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநர் பார்வைக்கு மறையும் இடம்தான் சிறந்தது. வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மழை நாளில் நீர்த்துளிகளைத்தான் பதிவு செய்வீர்கள். காரோடு ஏற்கெனவே பொருத்தி வந்த கேமரா இருந்தால் அதை மறைக்கக்கூடாது. கண்ணாடியின் மேல்விளிம்பில் உள்ள கறுப்புப் புள்ளிகள் மீது ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. படத்தில் தொடுவானம் நடுவிலோ சற்று மேலேயோ வரட்டும். வானம் அதிகமானால் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு சாலையை இருட்டாக்கிவிடும்.

ஒயரை மேற்கூரைத் துணியின் ஓரத்தில் செருகிக்கொண்டே வரலாம். பக்கத்தூணில் இறக்கும்போது கவனம். அங்கே ஏர்பேக் இருந்தால் ஒயர் அதற்குப் பின்னால்தான் போகவேண்டும். முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது தடுக்கும், அல்லது ஒயரையே முகத்தில் அடிக்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: இருக்குமா, திறக்குமா?

வாங்கிய கேமராவைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே இந்தச் சோதனைகளை முடித்துவிட வேண்டும்.

கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டை வெளியே எடுத்துப் பாருங்கள். கேமரா கத்துகிறதா? குரலில் சொல்கிறதா? விளக்கின் நிறமாவது மாறுகிறதா? காரை ஓட்டிக்கொண்டே கவனிக்கும்படி இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். பச்சை சிவப்பாக மாறும் கடுகளவு விளக்கு கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருந்தால் யாருக்கு என்ன லாபம்? ஒரு கேமராவை நான் இந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பியிருக்கிறேன். கார்டே இல்லாமல் கிளப்பியும் பாருங்கள்.

அடுத்தது மின்வெட்டுச் சோதனை. பெரிய மோதலில் மின்சாரம் அந்த நொடியே துண்டிக்கப்படலாம். பதிவு ஓடும்போது சத்தமாக ஒன்று, இரண்டு என்று விநாடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். இருபது என்று சொன்ன கையோடு ஒயரைப் பிடுங்குங்கள். பிறகு அந்தக் கோப்பைத் திறந்து, எந்த எண் வரை கேட்கிறது என்று பாருங்கள். பத்தொன்பது வரை கேட்டால் கேமரா தேறிவிட்டது. பன்னிரண்டோடு நின்றால், விபத்தின் மிக முக்கியமான விநாடிகள் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. கோப்பே திறக்கவில்லை என்றால் பேச்சே இல்லை. ஒரு தடவை செய்து விட்டுவிடாமல் பத்துத் தடவையாவது செய்யுங்கள், ஏனென்றால் இந்தக் கோளாறு எப்போதும் வராது, எப்போதாவதுதான் வரும்.

டேஷ் கேம் ஒரே நீளப் படமாக எழுதுவதில்லை. ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாக எழுதி, இடம் தீர்ந்ததும் பழையதை அழிக்கிறது. துண்டுகளுக்கு நடுவில் சில கேமராக்கள் ஒன்றிரண்டு விநாடி விழுங்கிவிடும். ஒரு நிமிடத் துண்டாக அமைத்து, போனில் ஓடும் ஸ்டாப் வாட்சைக் கேமராவுக்கு முன்னால் ஆறேழு நிமிடம் காட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் கடைசி எண்ணையும் அடுத்ததன் முதல் எண்ணையும் ஒப்பிட்டால் ஓட்டை தெரிந்துவிடும்.

கடைசியாக வெயில். நடுப்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். பிறகு கிளப்பி அரை மணி நேரம் ஓட்டுங்கள். கோப்புகளின் நேரத்தை வரிசையாகப் பாருங்கள். நடுவில் ஏதாவது காணாமல் போயிருந்தால் கேமரா சூடு தாங்காமல் தன்னை அணைத்துக்கொண்டது என்று அர்த்தம். அன்று ஒட்டுப் பசை இளகிக் கேமரா தலைகீழாகத் தொங்கினால், அதையும் மதிப்பெண்ணில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பகலில் நம்பர் பிளேட்

எத்தனை மீட்டரில் எண் படிக்கும் என்பதை நாமே கணக்குப் போடலாம். கிடைமட்டமாக 120 டிகிரி பார்க்கும் 1080பி கேமராவில், 1920 புள்ளிகள் 120 டிகிரிக்குப் பங்கிடப்படுகின்றன. டிகிரிக்கு 16. அரை மீட்டர் அகலமுள்ள பிளேட் 10 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 2.9 டிகிரி பிடிக்கும், அதாவது 46 புள்ளி. ஒரே வரியில் பத்து எழுத்து இருந்தால் எழுத்துக்கு நாலரைப் புள்ளி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊகிக்கலாம், அவ்வளவுதான். 5 மீட்டரில் இது இரட்டிப்பாகி நன்றாகத் தெரியும். அதே கோணத்தில் உண்மையான 4கே கேமரா, 1080பி 5 மீட்டரில் காட்டுவதை 10 மீட்டரில் காட்டும். 1440பி இரண்டுக்கும் நடுவில். என்னைக் கேட்டால் குட்டிக் கேமராவுக்கு அதுதான் சரியான அளவு. புள்ளிகள் போதும், சூடும் கோப்பின் எடையும் கட்டுக்குள் இருக்கும்.

நிறுத்தியிருக்கும் ஒரு காருக்கு முன்னால் 5, 10, 15 மீட்டரில் நின்று பதிவு செய்து, கணினியில் பாருங்கள். போன் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். கோப்பின் விவரங்களில் ரெசல்யூஷன் (எத்தனை புள்ளி), பிட்ரேட் (நொடிக்கு எத்தனை மெகாபிட்) இரண்டையும் பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச நிரல் உண்டு. பிட்ரேட் மிகக் குறைவாக இருந்தால் 4கே என்ற பெயருக்கே பொருளில்லை. மரங்களும் சரளைக் கற்களும் நகரும் காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

சிக்னல் விளக்கையும் ஒருமுறை பாருங்கள். மாறுமின்சாரத்தில் ஓடும் எல்இடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரியக்கூடியவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை. 120-ஐ 30 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் விநாடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 தனிப் படம் எடுக்கும் கேமரா ஒவ்வொரு தடவையும் விளக்கு அணைந்த கணத்தையே பிடித்து, சிக்னல் சில விநாடிகளுக்கு எரியவே இல்லாததுபோல் காட்டக்கூடும். சில கேமராக்களில் 27.5 ஃபிரேம் என்று விநோதமான எண் இருப்பது இதற்காகத்தான். சிக்னலில் நின்று எடுத்த பதிவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆறாம் படி: இரவு

இங்கே எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். எதிரும் புதிருமாக மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் இரண்டு கார்கள் விநாடிக்கு 27.8 மீட்டர் நெருங்குகின்றன. வெளிச்சம் போதாமல் கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் 1/30 விநாடி திறந்து வைத்தால், அதற்குள் எதிர் வண்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் நெருங்கிவிடும். எழுத்துகள் இழுபட்டுப் பட்டையாகிவிடும். எத்தனை லட்சம் புள்ளி இருந்தாலும் அதைத் திருத்த முடியாது. இரவில் எதிரே பறக்கும் வண்டியின் எண்ணைப் படிப்பேன் என்று எந்தப் பெட்டி சொன்னாலும் நம்பாதீர்கள்.

முன்னால் மெதுவாகப் போகும் வண்டியின் எண்ணை மட்டும் எதிர்பார்க்கலாம். அங்கே வரும் சிக்கல் வேறு. நம்பர் பிளேட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பொருளால் ஆனது. உங்கள் ஹெட்லைட் பட்டதும் வெறும் வெள்ளைத் தாள்போல் பொங்கித் தெரியும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தின் அளவை, அரைப் படி குறைத்துப் பாருங்கள். படம் சற்று இருண்டாலும் எழுத்து மீண்டுவரும். வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்செய்யும் எச்டிஆர் வசதி இருந்தால் அதைப் போட்டும் போடாமலும் ஒரே தெருவில் இருமுறை ஓட்டி ஒப்பிடுங்கள். சில கேமராக்களில் அது நகரும் வண்டிக்கு நிழலுருவம் சேர்த்துவிடுகிறது.

டேஷ்போர்டின் பிரதிபலிப்பு கண்ணாடியில் தெரிந்தால், அதைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சிபிஎல் ஃபில்டர் போடச் சொல்வார்கள். பகலில் நன்றாக வேலை செய்யும், ஆனால் வெளிச்சத்தில் பாதியையாவது தின்றுவிடும். இரவு ஓட்டம் அதிகமானால் அதைவிட டேஷ்போர்டு மேல் ஒரு கறுப்புத் துணி போதும்.

செலவில்லாத உபாயம் ஒன்று உண்டு. ஏதாவது நடந்தால் அந்த வண்டியின் எண்ணையும் நிறத்தையும் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்லுங்கள். படத்தில் விழாதது ஒலியில் விழும்.

மற்றவை, சுருக்கமாக

திரையில்லாத கேமராவுக்கு ஆப்தான் முகம். மூன்று நிமிடத் துண்டு ஒன்று 30 மெகாபிட்டில் 675 எம்பி ஆகும். வைஃபை வழியாக அது போனுக்கு நொடிக்கு 3 எம்பி வீதம் இறங்கினால் கிட்டத்தட்ட நான்கு நிமிடம். சாலையோரத்தில் ஆள் காத்திருக்கும்போது அது யுகம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். சில போன்கள், இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று தானாகத் துண்டித்துக்கொள்ளும். அந்தத் தொல்லை உங்கள் போனில் வருகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

குலுக்கல் சென்சாரைக் குறைந்த உணர்திறனில் வையுங்கள். அதிகமாக வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு கோப்பை அழியாதபடி பூட்டி, கார்டு பூட்டிய கோப்புகளால் நிரம்பி, புதியதை எழுத இடமில்லாமல் போகும்.

நிறுத்தியிருக்கும்போதும் பதிவு வேண்டுமானால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி இணைப்பு வேண்டும். மூன்று வாட் இழுக்கும் கேமரா 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் கால் ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்று நாளில் 18 போய்விடும். மின்னழுத்தம் குறைந்தால் துண்டிக்கும் அளவை 12.0 வோல்ட்டில் விட்டுவிடாமல் 12.2 அல்லது 12.4-இல் வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எடுக்கும் காராக இருந்தால், எனக்கு இந்த வசதியே வேண்டாம்.

ஜிபிஎஸ் இருந்தால் கேமராவின் கடிகாரம் தானே சரியாகிக்கொள்ளும். இல்லாவிட்டால் மாதத்துக்குச் சில நிமிடம்கூட நகரலாம், நேரம் தவறிய பதிவை வைத்து வாதாடுவது கடினம். வேகத்தைப் படத்தில் பொறிப்பது இருபுறமும் வெட்டும். நீங்கள் வேகமாகப் போனதையும் அது சொல்லும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 மே 15 அன்று, இடைவிடாமல் பதிவு செய்வது தனியுரிமைச் சட்டத்துக்கு முரண் என்று சொல்லிக்கொண்டே, விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. இதிலிருந்தே விவகாரத்தின் சிக்கல் புரியும். உள்ளே பேசுவதைப் பதிவதற்கும் பல இடங்களில் உடன்பாடு தேவை. நீங்கள் ஓட்டும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொண்டு, மைக்கை வைப்பதா அணைப்பதா என்று முடிவெடுங்கள்.

மாதம் ஒருமுறை கார்டை எடுத்து முந்தைய நாள் கோப்பு ஒன்றை ஓட்டிப் பாருங்கள், நேரம் சரியா என்று பாருங்கள், லென்ஸுக்கு முன்னாலுள்ள கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். வேண்டிய கோப்புகளை எடுத்துவைத்த பிறகு கேமராவிலேயே மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள். காலண்டரில் குறித்துவைத்தால்தான் நடக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் ஆட்களைக் கவனியுங்கள். அப்புறம் பூட்டு பட்டனை அழுத்திவிட்டு, கேமராவை அணைத்துக் கார்டை உருவிவிடுங்கள். ஓடவிட்டால் சில மணி நேரத்தில் பழையது அழிந்துவிடும். கணினியில் கோப்பை அப்படியே நகலெடுங்கள். வெட்டவோ ஒட்டவோ கூடாது, மெசேஜ் ஆப் வழியாக அனுப்பி அதையே மூலமாக வைத்துக்கொள்ளவும் கூடாது, அங்கே படம் சுருங்கிவிடும். சம்பவத் துண்டோடு அதற்கு முந்தையதையும் பிந்தையதையும் சேர்த்து எடுங்கள். மூலக் கார்டை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதித் தனியாக வையுங்கள். கேமராவுக்குப் புதுக் கார்டு போட்டுவிட்டு, கார்டை உருவிப் பார்க்கும் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிடுங்கள்.